புரட்டாசியில் பலேர்மோ: அம்மாவோடு மூன்று இரவு

அம்மா மியூனிக் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. குளிர் இறுகுவதற்குள் வெயில் அடிக்கிற ஊர் ஒன்றுக்கு அவரைக் கூட்டிப் போக வேண்டும் என்று தேடினேன். ரோம், ஏதென்ஸ் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் பலேர்மோவில் வந்து நின்றேன். சிசிலித் தீவின் தலைநகரம், பினீசியர்கள் என்ற பழங்காலக் கடல் வணிகர்கள் குடியேறிய காலத்திலிருந்து 2,700 வருடம் பழைய துறைமுகம் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்பதைச் சொல்லவில்லை. வியாழன் மதியம் இறங்கி ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டம்.

ஒரு சிக்கல் கிளம்பும்போதே தெரியும். அது அக்டோபர் முதல் வாரம், அதாவது புரட்டாசி. மற்ற பதினொரு மாதமும் அம்மா மீன், கோழி எல்லாம் சாப்பிடுவார். புரட்டாசியில் முட்டை கூடக் கிடையாது. இத்தாலியில் பாஸ்தாவும் பீட்சாவும் இருக்கிறதே, என்ன கஷ்டம் என்று நினைத்தேன். கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் நான் பயந்த இடத்தில் அது வரவில்லை.

விமான நிலையம் ஊரிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கடலோரத்தில் இருக்கிறது. ரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு. நாங்கள் பேருந்தில் ஏறினோம். நெடுஞ்சாலையில் பாதி வழியில் இரண்டு பக்கமும் செம்பழுப்பு நிறத்தில் உயரமான தூண்கள் வரும், கவனித்துப் பாருங்கள். 1992 மே 23 அன்று நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனேயையும் அவருடைய மனைவியையும் காவலர்கள் மூவரையும் மாஃபியா குண்டு வைத்துக் கொன்ற இடம் அது. அடுத்த 57 நாளில் அவருடைய நண்பர் நீதிபதி போர்செல்லினோவையும் கொன்றார்கள். இன்று விமான நிலையத்துக்கே அந்த இருவர் பெயர்தான். பலேர்மோ என்றதும் மாஃபியா ஜோக் அடிக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. அந்தத் தூணைப் பார்த்த பிறகு ஊரை விட்டுக் கிளம்பும்வரை அப்படி ஒன்று வாயில் வரவில்லை. மாஃபியா பொம்மை போட்ட காந்தங்களும் டி ஷர்ட்டுகளும் கடைகளில் தொங்குகின்றன. வாங்காதீர்கள்.

அறையில் பையை வைத்துவிட்டு வெளியே வந்தபோது மணி இரண்டரை. தெருவில் ஆளே இல்லை. கடைகளெல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தன. தேவாலயம் ஒன்றின் கதவைத் தள்ளிப் பார்த்தோம், பூட்டியிருந்தது. அடுத்ததும் பூட்டு. மூன்று மணிக்கு ஓர் உணவகத்தில் எட்டிப் பார்த்தால், மேசை துடைத்துக்கொண்டிருந்தவர் கையை விரித்துக் காட்டினார், சமையலறை மூடியாகிவிட்டது. “நம்ம ஊரு பஜாரும் மத்தியானம் இப்படித்தான இருக்கும், இதுல என்ன அதிசயம்” என்று சொல்லிவிட்டு அம்மா ஒரு சதுக்கத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து, கட்டிவந்த புளியோதரையைப் பிரித்தார். சாத்தூரில் வளர்ந்தவருக்கு உடனே புரிந்தது, பத்து வருடமாக ஜெர்மனியில் இருக்கும் எனக்குப் புரியவில்லை. மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை இந்த ஊரில் எதையும் பார்க்கத் திட்டம் போடக் கூடாது. சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டுக்கும் ஏழரைக்கு முன்னால் போனால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அன்றைக்கு இரவுதான் பெரிய தண்டம். சுற்றுலாக்காரர்கள் நிறைந்த தெருவில் பளிச்சென்ற ஓர் உணவகம், பெயர் வேண்டாம். அம்மாவுக்குக் கத்தரிக்காய் போட்ட பாஸ்தா சொன்னேன். எனக்கு மீன் ஆசை. மெனுவில் 6.50 யூரோ என்று போட்டிருந்தது. பரவாயில்லையே என்று சொன்னேன். பரிமாறுபவர் ஒரு தட்டில் பச்சை மீனைக் கொண்டுவந்து காட்டி ஏதோ கேட்டார். நம் வழக்கப்படி தலையை ஆட்டிவைத்தேன். பில் வந்தபோது மீன் மட்டும் 39 யூரோ. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் குட்டி எழுத்தில் ‘எத்தோ’ என்று ஒரு சொல் இருந்திருக்கிறது. எத்தோ என்றால் 100 கிராம். என் மீன் 600 கிராம். சண்டை போட வழியே இல்லை. முழு மீனுக்கு அங்கே எடை கணக்குதான் வழக்கம், காட்டிவிட்டுத்தான் சமைத்தார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, மீனைக் காட்டும்போது தலையாட்டாமல் “குவாந்தோ?” என்று ஒரு சொல் கேட்பது. எவ்வளவு என்று அர்த்தம். எடை போட்டு மொத்த விலையைச் சொல்லிவிடுவார்கள். பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று தலைக்கு இரண்டு, மூன்று யூரோ வேறு சேரும். ரொட்டிக்கும் மேசைக்குமான கட்டணம் அது. ஏமாற்று இல்லை, அதனால் தனியாக டிப்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

“புரட்டாசில மீன் தின்னா பெருமாள் ரசீது அனுப்பத்தான் செய்வாரு” என்றார் அம்மா.

வெள்ளிக்கிழமையை ஒரே ஓர் இடத்துக்கு ஒதுக்கியிருந்தேன். நார்மன் அரண்மனைக்குள் இருக்கும் கப்பெல்லா பலத்தீனா, அரசனின் சொந்தக் கோயில். இந்த ஊரில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். அரண்மனையில் இன்றைக்கும் சிசிலியின் சட்டமன்றம் கூடுகிறது. அதனால் அரச அறைகளை வார நடுவில் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். வெள்ளி முதல் திங்கள் வரைக்குள் போனால் எல்லாம் பார்க்கக் கிடைக்கும். ஞாயிறு காலையில் பூசை நேரத்தில் கோயிலுக்குள் விடமாட்டார்கள். நாங்கள் திறக்கிற நேரத்துக்கே போய் நின்றோம். முதல் அரை மணி நேரம் ஏறக்குறைய காலியாக இருந்தது. கப்பல் சுற்றுலாக் கூட்டம் வந்த பிறகு நிற்க இடமில்லை.

உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்கத் தங்கம். கண்ணாடித் துண்டுக்குள் தங்கத் தகடு வைத்துப் பதித்த கிரேக்க பாணி மொசைக். எல்லோரும் அதைப் பார்த்து வாயைப் பிளந்து, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அம்மா மட்டும் கழுத்து வலிக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அதனால்தான் அவர் கண்ணில் கூரை பட்டது. மரத்தில் தேன்கூடு போலக் குடைந்து குடைந்து தொங்கவிட்ட அராபியக் கூரை. ஒவ்வொரு குழிவிலும் சின்னச் சின்ன ஓவியங்கள்: யாழ் மீட்டுகிறார்கள், சதுரங்கம் ஆடுகிறார்கள், கோப்பையில் குடிக்கிறார்கள். ஒரு கிறிஸ்தவக் கோயிலின் உச்சியில்!

கதை இதுதான். அராபியர்கள் 831இல் இந்த ஊரைப் பிடித்து இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டார்கள். 1072இல் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் அதை அவர்களிடமிருந்து பறித்தார்கள். ஆனால் இருந்த தச்சர்களையும் கணக்கர்களையும் அறிஞர்களையும் விரட்டவில்லை. 1130இல் அரசனாக முடி சூடிய இரண்டாம் ரோஜர், மொசைக்குக்குக் கிரேக்க மரபையும் கூரைக்கு அராபிய மரபையும் எடுத்துக்கொண்டு, பூசையை லத்தீனில் வைத்தான். அல் இத்ரீசி என்ற முஸ்லிம் புவியியலாளர் அவனுடைய அவையில் இருந்துதான் உலக வரைபடம் செய்தார். அதே அரண்மனையில் 1142இல் செய்த ஒரு தண்ணீர்க் கடிகாரத்தைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் வெட்டியது. கிரந்தமும் தமிழும் கலந்த கல்வெட்டுகளைப் பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. “ஊருல எத்தனை பாஷை பேசுறாங்களோ அத்தனையிலயும் வெட்டுனாத்தான எல்லாருக்கும் தெரியும்” என்றார். சரிதான்.

ஒரு சின்னத் தொலைநோக்கி கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் போனில் பெரிதாக்கிப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு அந்த ஓவியங்கள் பிடிபடாது. தோளையும் முழங்காலையும் மூடும் உடை வேண்டும். சேலைக்கு ஒரு கேள்வியும் இல்லை.

அன்று மதியம் தூங்கினோம். மாலையில் மக்கேதா தெருவில் நடந்தோம். வண்டி விடாத தெரு, ஊரே அங்கே உலாத்துகிறது. குவாத்ரோ கான்தி என்ற நாற்சந்தியில் நான்கு மூலைக் கட்டடமும் உள்வளைந்து நிற்கும், பக்கத்திலேயே நிர்வாணச் சிலைகள் சூழ்ந்த பெரிய நீரூற்று. உள்ளூர்க்காரர்களே அதை ‘வெட்கத்தின் நீரூற்று’ என்றுதான் சொல்வார்களாம். அம்மா குனிந்த தலை நிமிராமல் கடந்தார். பெரிய கதீட்ரலுக்குள் பேரரசன் இரண்டாம் ஃபிரெடரிக்கின் சிவப்புக் கல் சமாதி இருக்கிறது. வாசல் தூண் ஒன்றில் குர்ஆன் வாசகம் செதுக்கியிருப்பது அதைவிட எனக்குப் பிடித்தது. கப்புச்சின் துறவிகளின் நிலவறையில் ஆயிரக்கணக்கான பதப்படுத்திய உடல்கள் உண்டு என்றேன். “காசு குடுத்துப் பொணத்தப் பாக்கணுமா” என்றதோடு அது முடிந்தது. மொன்ரேயாலே என்ற பக்கத்து ஊரின் தங்கக் கோயிலையும் விட்டுவிட்டோம். வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று இரவில் அதையும் திணித்திருந்தால் அம்மாவின் முழங்கால் சனிக்கிழமையோடு படுத்திருக்கும்.

சனிக்கிழமை காலை பல்லாரோ சந்தை. அராபியர் காலத்திலிருந்து நடக்கிற சந்தை என்கிறார்கள். வியாபாரிகள் ராகம் போட்டுக் கத்துவார்கள், அதற்கே தனியாக ஒரு பெயர் இருக்கிறது, ‘அப்பன்னியாத்தா’. வாள்மீனின் தலை கத்தியை நீட்டிக்கொண்டு நிற்கும். கருநீலக் கத்தரிக்காய், ஒரு முழம் நீளச் சுரைக்காய், உப்பில் போட்ட கேப்பர் மொட்டு. ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு ஏதோ சிவப்புப் பழத்தைத் தோல் சீவி விற்றுக்கொண்டிருந்தார். அம்மா நின்றுவிட்டார். “ஏண்டி, இது சப்பாத்திக்கள்ளிப் பழம்!” கரிசல் காட்டில் ஆடு மேய்க்கப் போன பிள்ளைகள் முள்ளைத் தேய்த்துவிட்டுத் தின்று, வாயெல்லாம் சிவப்பாக வந்து அடி வாங்கும் பழம். இங்கே அதற்குப் பெயர் ‘ஃபீகோ திந்தியா’, இந்திய அத்தி. மெக்சிகோப் பக்கம் பிறந்த செடி அது. கொலம்பஸ் இந்தியா என்று நினைத்துப் போன இடம் பழத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டது. ஆறு பழம் வாங்கி நின்ற இடத்திலேயே தின்றோம். விதையைக் கடிக்காமல் விழுங்க வேண்டும் என்று பழக்காரருக்கே அம்மா சைகையில் பாடம் எடுத்தார்.

இந்தச் சந்தையில்தான் புரட்டாசிப் பிரச்சினை தீர்ந்தது. ‘பானெல்லே’ என்று கேளுங்கள். கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, கெட்டியாகக் கிண்டி, பார்ஸ்லி இலை தூவி, மெல்லிசாகப் பரப்பி ஆறவைத்து, வெட்டி எண்ணெயில் பொரிக்கிறார்கள். எள் தூவிய ரொட்டிக்குள் நான்கைந்தை அடுக்கி எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். மூன்று யூரோ கொடுத்தால் வயிறு நிறைந்துவிடும். நம் நாக்குக்குப் புதிது இல்லை, காய் இல்லாத பஜ்ஜி. அம்மா முதல் நாள் ஒன்று சாப்பிட்டார், அடுத்த நாள் இரண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஏமாறும் இடங்களும் உண்டு. ‘ஸ்ஃபின்ச்சோனே’ என்ற தடித்த ரொட்டி பார்க்க வெங்காயமும் தக்காளியும்தான், ஆனால் நெத்திலியைக் கரைத்துவிட்டிருப்பார்கள். ‘அரஞ்சீனா’ என்ற சோற்று உருண்டையில் ‘வெண்ணெய்’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கினால் உள்ளே பன்றித் தொடைக்கறி இருக்கும். “சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா பெஷே, சென்ட்ஸா அச்சூகே” என்று மூன்றும் சொல்லுங்கள்: கறி வேண்டாம், மீன் வேண்டாம், நெத்திலி வேண்டாம். கறி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். முட்டையும் கூடாதென்றால் உலர்ந்த பாஸ்தா சொல்லுங்கள், அது ரவையும் தண்ணீரும்தான். அன்றன்று பிசைகிற பாஸ்தாவில் முட்டை இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். கத்தரிக்காயை வினிகரும் சர்க்கரையும் சேர்த்துச் சமைக்கிற ‘கபோனாத்தா’, நம் புளிக்குழம்புக்குத் தூரத்துச் சொந்தம். காலையில் அம்மாவுக்குப் பாதாம் ‘கிரனீத்தா’. அரைத்த பாதாமும் சர்க்கரையும் பனிக்கட்டியும், அவ்வளவுதான். அதோடு தருகிற பிரியோஷ் ரொட்டியில் முட்டை உண்டு, அது என் பங்கு. அதன் தலையில் ஒரு சின்ன உருண்டை இருக்கும், அதற்குப் பெயர் ‘தூப்போ’. கொண்டை என்று அர்த்தமாம்.

நான் மண்ணீரல் ரொட்டியும் சாப்பிட்டேன், மறைக்கவில்லை. வேகவைத்த மண்ணீரலையும் நுரையீரலையும் பன்றிக் கொழுப்பில் வதக்கி ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். எலுமிச்சை மட்டும் பிழிந்தால் அதற்குப் பெயர் ‘கல்யாணமாகாதது’, பாலாடைக்கட்டி தூவினால் ‘கல்யாணமானது’. கல்யாணமாகாதது நன்றாக இருந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

திரும்பி நின்றவர் கண்ணில்தான் அந்தக் கடை பட்டது. வாசலில் வாழைக்காய், முருங்கைக்காய், ஒரு தட்டில் கறிவேப்பிலை. 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் வந்து சேர்ந்த ஊர் இது, ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். படித்திருந்தேன், ஆனாலும் கறிவேப்பிலை வாசனை மூக்கில் ஏறியபோது வேறு மாதிரி இருந்தது. கல்லாவில் இருந்தவருக்கு அறுபது வயது இருக்கும்.

“இந்தியாவிலயிருந்தோ வாறியள்?” என்றார்.

ஆமாம் என்றோம். தேநீர் வந்தது. காசு வாங்க மறுத்தார்.

“அம்மாவை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லையோ தங்கச்சி? நாளைக்கு ஞாயிறுதானே. எங்கட சனம் அங்கதான் நிக்கும்.”

“எந்த மலை அண்ணா?”

“ரொசாலியாவின்ர மலை.”

“மாதா கோயிலா?” என்று அம்மா கேட்டார்.

“மாதா இல்லையம்மா. அவ ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை. எல்லாத்தையும் விட்டிட்டுக் குகையில போய் இருந்தவ. நாங்கள் சைவக்காரர்தான். ஆனா அவவிட்டக் கேட்டா நடக்கும்.”

என் திட்டத்தில் ஞாயிறு காலைக்குக் கடற்கரை என்று எழுதியிருந்தது. அது அங்கேயே போயிற்று.

மோந்தே பெல்லெக்ரீனோ ஊருக்கு வடக்கே கடலை ஒட்டி நிற்கும் மலை, 600 மீட்டர் உயரம். பக்தர்கள் நடந்தே ஏறும் பழைய கல்பாதை ஒன்று உண்டு. செப்டம்பர் 4 ரொசாலியாவின் திருநாள். முந்தைய இரவிலிருந்தே வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் இருக்கிறார்களாம். 812ஆம் எண் பேருந்தும் மேலே போகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தை நம்பப் பயந்து, கட்டணத்தை முன்னாலேயே பேசிக்கொண்டு டாக்சியில் ஏறி, இறங்கும்போது பேருந்தில் வந்தோம். டிக்கெட்டைப் புகையிலைக் கடையில் முதலிலேயே வாங்கி, ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டும் அபராதக் கணக்குதான். கோயிலுக்கு முன்னால் படிக்கட்டு உண்டு. அம்மா மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறினார்.

முகப்பைப் பார்த்தால் சாதாரண தேவாலயம். உள்ளே கொஞ்சம் நடந்தால் கூரை போய்ப் பாறை வந்துவிடும். முழுக் குகை. பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க, வளைந்து வளைந்து போகிற தகரக் கால்வாய்களைத் தலைக்கு மேல் மாட்டியிருக்கிறார்கள். ரொசாலியா தங்க உடையில் படுத்த கோலத்தில் இருக்கிறாள். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவள் என்பது நம்பிக்கை. 1624இல் ஊரில் கொள்ளைநோய் பரவியபோது இந்தக் குகையில் அவளுடைய எலும்புகள் கிடைத்ததாகவும், அதை அடுத்த வருடம் ஊர்வலமாகக் கொண்டுபோனதும் நோய் அடங்கியதாகவும் சொல்கிறார்கள். அந்த நினைவில்தான் ஒவ்வொரு ஜூலை 14 இரவும் அவளைப் பெரிய தேரில் வைத்துக் கடல்வரை இழுத்துப் போகிறார்கள். தேர் என்றதும் அம்மா ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

சுவரில் வெள்ளித் தகட்டில் செய்த கண், கால், இதயம். நம் ஊரில் உண்டியலில் போடும் கண்மலரும் கைகால் உருவும்தான். அதற்கு முன்னால், பட்டுப்பாவாடை கட்டிய இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் நெற்றியில் திருநீறு. பூசையில் இருந்த இத்தாலியர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா சொட்டுகிற தண்ணீரைக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டார், என் தலையிலும் தெளித்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்டேன். சொல்லவில்லை.

இறங்கி வந்து பையை எடுத்துக்கொண்டு, மறுபடி அந்தக் கடைக்குப் போனோம். அண்ணா கறிவேப்பிலையைத் தாளில் சுற்றி வைத்திருந்தார்.

மியூனிக் வந்த இரண்டாம் நாள் அம்மா பானெல்லே செய்தார். மாவைச் சரியாகக் கிண்டாததால் முதல் ஈடு எண்ணெயில் கரைந்துபோனது. மாவு சட்டியை விட்டுச் சுருண்டு வரும்வரை அடுப்பை அணைக்கக் கூடாது. இரண்டாம் ஈடு நின்றது. பார்ஸ்லிக்குப் பதிலாகப் பல்லாரோ கறிவேப்பிலை. எள் ரொட்டி கிடைக்கவில்லை, எலுமிச்சை மட்டும் பிழிந்து தட்டில் வைத்தார். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, “உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றார்.